இடாப்பில் நின்ற பெயர்

கடுகண்ணாவை
2021 மே 12

அன்புள்ள மகள் லிண்டாவுக்கு,

ஆண்டவர் தயவில் இருக்கிறேன். முழங்கால் வலியைச் சொல்லி உங்களை வரவழைக்கப் பார்க்கிறேன் என்று மாப்பிள்ளை நினைப்பார். ஆகையால் அதைப் பற்றி எழுதவில்லை. நீ, துஷாந்த், பேத்தி ஷெரோன் மூவரின் சுகமும் எழுது.

நீங்கள் திகனவுக்குக் குடிபோய்ப் பத்து நாளாகிறது. கொரோனாவுக்குப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள், ஏழு வயதுப் பிள்ளைக்குப் போனில் பாடம், எங்கள் பள்ளத்தில் சிக்னல் இல்லை, அதற்காக வீட்டை விட்டுப் போனார்கள் என்று சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். மேல் காணியில் பலா மரத்தடியில் சிக்னல் எடுக்கிறது என்று நீதானே கண்டுபிடித்தாய்? அங்கே தகரம் போட்டு ஒரு கொட்டில் அடித்துத் தருகிறேன் என்றேன். அட்டை கடிக்கும், சளி பிடிக்கும் என்றார் துஷாந்த். "மாமா, அது மனுசர் இருந்து படிக்கிற இடமா?" என்று கேட்டார். அந்தச் சொல் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார்கள். ரயில் கடவையில் காவல் இருந்த முப்பது வருடமும், பயணிகள் யன்னலால் எறிந்த பத்திரிகைகளைப் பொறுக்கி, எழுத்துக்கூட்டி நானாகவே படித்தேன். படிப்பைத் தனியாகவும் படித்துவிடலாம். ஆனால் ஒரு வாங்கில் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்து, பென்சிலுக்கு அடிபட்டு, அடுத்த மணிக்கே ஒரு டொபியைக் கடித்துப் பங்கு போடுவதை எந்தப் பத்திரிகையும் எனக்குக் கற்றுத் தரவில்லை. இந்த வயதிலும் எனக்கு ஒரு சிநேகிதன் இல்லை. ஷெரோன் அப்படி ஆகிவிடக் கூடாது.

எனக்குப் போன் வாங்கித் தர வேண்டாம். பேச வேண்டியதை எழுது.

அப்பா
ச. லோரன்ஸ்


திகன
2021 மே 20

அன்பு அப்பாவுக்கு,

மூவரும் சுகம். நீங்கள் எழுதாமல் எழுதிய முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், பஸ் ஓடியதும் அனுப்புகிறேன்.

ருஷ்தி நானாவின் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறோம். அவர் மனைவி ஷிபானா நல்ல மாதிரி. அவர்களுக்கும் ஷெரோன் வயதில் ஒரு மகள் இருக்கிறாள். வகுப்பு காலை எட்டு மணிக்கு. பஸ்லினா டீச்சர் வரவு இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். கூப்பிட்ட பிள்ளை மைக்கைப் போட்டு, "வந்திருக்கேன் டீச்சர்" என்கிறது. நீங்கள் பார்த்தால் திட்டுவீர்கள். ஆனால் பிள்ளை எழுந்ததும் வகுப்பைத்தான் தேடுகிறாள்.

காரணம் நம் பக்கத்து வீட்டு யதுஷா. இருவரும் வகுப்பு முடிந்தும் போனை வைப்பதில்லை. யதுஷா நம் பலா மரத்தடியில் இருந்துதான் சேர்கிறாளாம். ஷெரோன்தான் இடம் சொல்லிக் கொடுத்தாள். சாக்கை விரித்து ஈரத்தில் இருக்கிறாள் அப்பா. நம் பழைய கதிரை ஒன்றை அங்கே போட்டுவிடுங்கள். அவள் அம்மா சுதர்சினி பாவம், கேட்கக் கூச்சப்படுவாள்.

உங்கள் மகள்
லிண்டா

தாத்தா, யதுஷாவுக்கு நீலக் கதிரைய போடுங்க. ஷெரோன்.


கடுகண்ணாவை
2021 ஜூன் 19

அன்புள்ள மகளுக்கு,

நான் இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். பதில் பிந்திவிட்டது. தபால் கந்தோர் திறப்பதும் பூட்டுவதுமாக இருக்கிறது.

இதை நின்றுகொண்டு வாசிக்காதே, உட்கார்ந்து வாசி. ஷெரோன் பக்கத்தில் இருந்தால் அனுப்பிவிடு.

சுதர்சினியின் மகள் யதுஷா இந்த மாதம் பத்தாம் திகதி இறந்துபோனாள். ரயில் பாதைக்கு மேலே இருக்கிற பெரிய பாறையில் போனை வைத்துக்கொண்டு வகுப்புக்கு ஏறியிருக்கிறாள். நல்ல மழை, பாசி வழுக்கியது. தாழ்ப்பக்கம் விழுந்திருக்கிறாள். போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நோய்ச் சட்டம் என்று அடக்கத்துக்குப் பத்துப் பேரை மட்டும் விட்டார்கள். நான் போகவில்லை.

ஷெரோனிடம் சொல்லாதே. ஏழு வயதுப் பிள்ளைக்கு எதற்கு? நாளாக ஆக மறந்துவிடும்.

மற்றபடி எழுத ஒன்றும் இல்லை.

அப்பா


திகன
2021 ஜூன் 29

அன்பு அப்பாவுக்கு,

சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் கடிதத்தைக் குளியலறையில் வைத்து நாலு தடவை வாசித்தேன். துஷாந்தும் அழுதார். நீங்கள் சொன்னபடி ஷெரோனிடம் சொல்லவில்லை.

ஆனால் அப்பா, நேற்றும் இன்றும் வகுப்பில் யதுஷா இருந்தாள்.

நான் பைத்தியமாக எழுதவில்லை. பிள்ளைகளின் முகங்கள் தெரிகிற கட்டங்களுக்கு நடுவே ஒரு கறுப்புக் கட்டம். அதில் அவள் பெயர். எட்டு மணிக்குச் சேருகிறது, வகுப்பு முடிந்ததும் போகிறது. டீச்சர் இடாப்பு கூப்பிடும்போது அந்தப் பெயருக்கு முன் நிறுத்துகிறார். கொஞ்ச நேரம் எல்லாக் கட்டங்களும் சத்தமில்லாமல் இருக்கின்றன. பிறகு அடுத்த பெயருக்குப் போகிறார். வெட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

ஷெரோன் அவளோடு பேசுகிறாள். மறுபக்கம் பதில் இல்லை. "கேமரா ஒடஞ்சிருச்சும்மா, மைக்கும் ஒடஞ்சிருச்சு. ஆனா கேட்டுக்கிட்டுதான் இருக்கா" என்கிறாள்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. பலா மரத்தடி இருக்கும்போது அந்தப் பிள்ளை ஏன் பாறைக்குப் போனாள்? எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லிண்டா


கடுகண்ணாவை
2021 ஜூலை 6

அன்புள்ள மகளுக்கு,

தைலம் கிடைத்தது. வலி அப்படியே இருக்கிறது. நீங்கள் மாஸ்க் இல்லாமல் கடைக்கு இறங்க வேண்டாம்.

பிள்ளைகள் சொன்ன இடத்தில் இருப்பார்களா? அதைப் போய் என்னிடம் கேட்டு எழுதுகிறாய். கேட்க வேண்டியது பாடத்தைப் போனில் அடைத்தவர்களை. செத்த பிள்ளையின் பெயரை உயிரோடு காட்டுகிற பெட்டியைப் பிள்ளையின் கையில் கொடுத்தவர்களை.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? காலை எட்டு மணிக்கு மேல் காணிப் பக்கம் ஒரு பிள்ளை வாசிக்கும் சத்தம் கேட்கிறது. ஒரே வரியை இரண்டு தடவை வாசிக்கிறது, டீச்சர் திருத்தினால் வாசிக்கிற மாதிரி. கத்தியை எடுத்துக்கொண்டு ஏறிப் போனேன். மரமும் மழையும்தான். இறங்கி வந்து தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தால் மறுபடி கேட்கிறது. எனக்கு எழுபத்தொரு வயது, காது மந்தம். கேட்க வேண்டியதே சரியாகக் கேட்பதில்லை.

ஷெரோனிடம் சொல்லாதே என்று மறுபடியும் எழுதுகிறேன்.

அப்பா


திகன
2021 ஜூலை 30

அன்பு அப்பாவுக்கு,

நாங்கள் சுகம் என்றுதான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் தனியாக மேல் காணிக்கு ஏறாதீர்கள்.

ஆசிரியர்கள் போராட்டம் தொடங்கியதிலிருந்து வகுப்பு இல்லை. கறுப்புக் கட்டம் தொலைந்தது என்று நினைத்தேன். ஷெரோன் எட்டு மணிக்குச் சீருடை போட்டுக்கொண்டு, யதுஷாவின் நம்பருக்குக் குரல் செய்தி அனுப்புகிறாள். என்ன சாப்பிட்டாள், எந்தப் பல் ஆடுகிறது என்பது வரை சொல்கிறாள். சற்று நேரத்தில் கேட்டாயிற்று என்கிற இரண்டு நீலச் சரி விழுகிறது. யாரோ கேட்கிறார்கள் அப்பா.

சாப்பாட்டு மேசையில் கையைத் தூக்குகிறாள். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் வாய் திறக்கிறாள். ஷிபானாவின் மகள் விளையாட மேலே வந்தாள். இவள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீ பேசி முடி, பொறகு நான் மைக் போடுறேன்" என்றாள். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இழுத்தது. தொட்டதும் ஷெரோன் அலறிய அலறலில் ருஷ்தி நானா கடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை படியேறவில்லை. "கொஞ்ச நாள் போவட்டும், சரியாகும்" என்று ஷிபானா சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். அதற்கு முன் அந்தப் போன் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.

லிண்டா


கடுகண்ணாவை
2021 ஆகஸ்ட் 12

அன்புள்ள மகளுக்கு,

இருக்கிறேன். அங்கே எல்லாரும் ஊசி போட்டுக்கொண்டீர்களா?

நீ கேட்டதைப் பார்த்துவிட்டேன். காலையில் குடையை ஊன்றிக்கொண்டு ரயில் பாதை வரை போனேன். சுதர்சினி அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தாள். அதே பாறையில். காதில் போனை அழுத்திப் பிடித்திருந்தாள். மழை தூறியது, அவள் அசையவில்லை. கேட்டு முடித்துவிட்டு மறுபடி போட்டுக் கேட்டாள். வகுப்பு நடந்த நாட்களிலும் அவள்தான் மகள் பெயரில் உள்ளே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது சொல், உன் மகளிடம் சொல்லலாமா? சொன்னால் அவள் பேச மாட்டாள். அந்தத் தாய்க்குக் காலையில் கேட்க இருப்பது அது ஒன்றுதான். ஆகவே சொல்லாதே. இது என் முடிவு.

அப்பா


திகன
2021 ஒக்டோபர் 2

அப்பாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏழு கிழமையாகப் பதில் எழுதாததற்கு ஊரடங்கைச் சாட்டலாம். உண்மை அதுவல்ல.

ஷெரோன் ஒரு பழைய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாள். யதுஷாவின் குரல் என்று தெரியும், தாங்காமல் எழுந்து போய்விடுவேன். ஆகஸ்டில் ஒருநாள் நின்று கேட்டேன். ஜூன் பத்தாம் திகதி காலை ஏழு ஐம்பதுக்கு வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்:

"ஷெரோன், ஒங்க தாத்தா மரத்த சுத்தி முள்ளுக்கம்பி அடிச்சிட்டாருல்ல, இன்னைக்கும் வரக்கூடாதுன்னு ஏசிட்டாரு. நான் கல்லு மேல ஏறி வர்றேன். டீச்சர் பேர் கூப்பிட்டா சொல்லு, யதுஷா ஏறிக்கிட்டு இருக்கான்னு."

மே மாதத்துக்குப் பிறகு ஷெரோன் உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நீங்கள் அதைக் கவனித்தீர்களா? நான் கவனிக்கவில்லை.

யதுஷா ஏன் பாறைக்குப் போனாள் என்று ஜூனிலேயே கேட்டேன். நீங்கள் பதில் எழுதவில்லை. இரண்டாம் தடவையும் கேட்கிறேன்.

லிண்டா


கடுகண்ணாவை
2021 ஒக்டோபர் 8

மகள் லிண்டாவுக்கு,

நீ சுகமாக இரு.

நீங்கள் போன பிறகு அந்தப் பிள்ளை சாக்கோடு வந்தது. "தாத்தா, இங்க இருந்து படிக்கவா?" என்று கேட்டது. நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு கதிரை போடச் சொல்லி உன் கடிதம் வந்தது. அதை வாசித்ததும் எனக்குள் ஏதோ எரிந்தது. மனுசர் இருந்து படிக்கிற இடமா என்று கேட்டுவிட்டு என் பேத்தியைக் கொண்டு போனீர்கள். என் பேத்திக்கு ஆகாத இடம் ஊரார் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்? அதற்கு நான் கதிரை வேறு சுமக்க வேண்டுமா? மறுநாளே கம்பி அடித்தேன்.

பிள்ளை கம்பிக்கு வெளியே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம் சிக்னல் ஒரு கோடுதான் வருகிறது தாத்தா என்றது. போ என்றேன். பிறகு பாறைக்குப் போகத் தொடங்கியது. தினமும் நான் சமைக்கிற குசினி யன்னலுக்கு முன்னால்தான் ஏறும். ஒரு கையில் குடை, ஒரு கையில் போன். வழுக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் அந்தப் பாதையோரம் வேலை செய்தவன் நான். ஒருநாள் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நான் தோற்றதாகிவிடும் என்று இருந்துவிட்டேன். பத்தாம் திகதி, அந்த மழையில், மறுபடியும் கம்பியடியில் வந்து கேட்டது. ஏசி அனுப்பினேன்.

அன்றைக்குப் பின்னேரமே கம்பியைக் கழற்றி மாட்டுக்கொட்டிலில் போட்டேன். விசாரணைக்கு வருகிறவர்கள் பார்க்கக் கூடாது என்று. ஒருவரும் கேட்கவில்லை. நீ ஒருத்தி மட்டும் கேட்டாய்.

சொல்லாதே, சொல்லாதே என்று எழுதியது ஷெரோனுக்காக அல்ல. அவள் என்னிடம் ஏன் என்று கேட்பாள் என்ற பயத்தில்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

லோரன்ஸ்


திகன
2021 ஒக்டோபர் 14

அப்பாவுக்கு,

உடம்பை விட்டுவிடாதீர்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அதை மட்டும் மகளாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷெரோனிடம் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், கம்பியையும் சேர்த்து. அழவில்லை. பிறகு கையைத் தூக்காமல் கேட்டாள், "அப்ப நான் சொன்னதெல்லாம் யாரு கேட்டா?"

யதுஷாவின் அம்மா என்றேன். முகம் செத்துப்போயிற்று.

"ஒருநாள் கோவத்துல கேட்டேன்மா, 'ஏன் பேச மாட்டேங்குற, செத்துட்டியாடி'ன்னு. அதயும் அத்த கேட்டாங்களா?"

அப்போதுதான் அழுதாள். இரண்டு நாளாக அழுதாள். போனைத் தொடவில்லை. நேற்றுப் படியில் போய் உட்கார்ந்தாள், கீழ்ப்படியில் ஷிபானாவின் மகள். இருவரும் எழுந்து போகவில்லை.

இருபத்தைந்தாம் திகதி நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆரம்ப வகுப்புகளைத் திறக்கிறார்கள். இடாப்பில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறதாம். தாயின் கையெழுத்தோடு ஒரு கடிதம் இல்லாமல் வெட்ட முடியாது, சுதர்சினி அதை எழுதித் தருவதாக இல்லை என்று பஸ்லினா டீச்சர் சொன்னார். வகுப்பில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஷெரோனை எப்படி உட்கார வைப்பேன்?

நீங்கள் எனக்கு எழுதியதைச் சுதர்சினியிடம் போய்ச் சொல்லுங்கள். எழுதி அனுப்பாதீர்கள், வாயால் சொல்லுங்கள். அதுவரை நாங்கள் கடுகண்ணாவைக்கு வர மாட்டோம்.

லிண்டா


கடுகண்ணாவை
2021 ஒக்டோபர் 21

அன்புள்ள மகள் லிண்டாவுக்கு,

நேற்றுக் காலை சுதர்சினி வீட்டுக்குப் போனேன். ஒரே வேலிதான், அதைத் தாண்ட எனக்கு நாலு மாதம் பிடித்தது.

"ஒக்காருங்க மாமா" என்றாள். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். கம்பி அடித்தது, ஏசியது, யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தது, கம்பியைக் கழற்றியது, எல்லாம். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் முடிக்கும் வரை சுளகை நிறுத்தவில்லை.

"தெரியும் மாமா. கம்பிய நீங்க கழட்டும்போது நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். இன்னைக்கு வருவாரு, நாளைக்கு வருவாருன்னு இருந்தேன்."

சுளகைக் கீழே வைத்தாள்.

"லிண்டா மக பேசுறத நிறுத்திருச்சு. பத்து நாளா ஒண்ணும் வரல. சொல்லிட்டீங்கன்னு வெளங்கிருச்சு. அது கேட்டதுக்கெல்லாம் நான் கோவிக்கலன்னு சொல்லுங்க. 'செத்துட்டியாடி'ன்னு அது கேட்டப்ப, ஆமான்னு சொல்லத்தான் வாய் வந்துச்சு. சொல்லிட்டா யாரும் இவ பேர சொல்லிக் கூப்பிட மாட்டாங்களேன்னு இருந்துட்டேன்."

பிறகு அவளாகவே அலுமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு எழுதித் தாருங்கள் மாமா, நான் கையெழுத்து வைக்கிறேன் என்றாள். அதன் பிறகுதான் உட்கார்ந்தேன்.

அதிபருக்கு மரியாதையாக எழுதினேன். தரம் இரண்டு, பிள்ளையின் முழுப் பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி, இடாப்பிலிருந்து பெயரை நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். காரணம் என்று வந்த இடத்தில், "விழுந்துன்னு மட்டும் போடுங்க, போதும்" என்றாள். முடியாது என்றேன். "அயலவர் ச. லோரன்ஸ் தம் காணியிலிருந்து படிக்கப் பிள்ளையை விடாதபடியால் பாறையில் ஏறி விழுந்தது" என்று எழுதினேன். அவள் தடுத்தும் எழுதினேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

தாளை வாங்கி மெதுவாக, உதடு அசைய வாசித்தாள். கிழித்துவிடுவாள் என்று நினைத்தேன். பேனையைக் கேட்டாள். என் வரிக்குக் கீழே இடம் விட்டு, பெரிய பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதினாள். "கல்லு மேல ஏறச் சொன்னது நான்தான்."

இது எதற்கு அம்மா என்று கேட்டேன். யதுஷா அழுதுகொண்டு வந்து கம்பியைப் பற்றிச் சொன்னபோது இவள் அடுப்படியில் நின்றாளாம். அந்த ஆளோடு என்ன பேச்சு, கல்லில் ஏறு, அங்கே நன்றாக எடுக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"ஒங்க பாரத்த மட்டும் எழுதிட்டா முடிஞ்சிருமா மாமா? என்னோடதும் இருக்கட்டும்" என்றாள். கையெழுத்து வைத்தாள்.

அதிபர் இந்த இரண்டு வரியையும் வைத்துக்கொண்டு என்ன செய்வாரோ தெரியாது. நான் ஒரு எழுத்தையும் மாற்றாமல் உறையில் போட்டு, இன்று தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் கொடுத்துவிட்டு வந்தேன். சுதர்சினி சந்தி வரை கூடவே வந்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம். வாருங்கள் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. நீ சொன்னதைச் செய்துவிட்டேன் என்று மட்டும் எழுதுகிறேன். வருவதும் வராததும் ஷெரோனைக் கேட்டு முடிவு செய்.

அப்பா